கொட்டகை நிழலில் நின்ற கார்

பாரீஸ் நகரத்துப் பெண்கள் ரொட்டி கேட்டு மழையோடு அரண்மனைக்கு நடந்து போய், மறுநாள் ராஜாவைக் கையோடு கூட்டி வந்தார்கள் என்று கல்லூரியில் சார் சொன்ன நொடியில், எங்கள் தெரு முக்கில் காலையில் வந்து நிற்கும் பட்டாசுக் கம்பெனி வேன்தான் எனக்குக் கண்முன் வந்தது. அம்மா அதில்தான் வேலைக்குப் போகிறாள். சார் இன்னொன்றும் சொன்னார்: பசி வெகுகாலமாக இருந்ததாம், அரண்மனையில் பெரிய விருந்து நடந்த சேதி ஊருக்குள் வந்த பிறகுதான் கிளம்பினார்களாம். அப்படியானால் இங்கேயும் ஒரு விருந்து நடந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

விருந்தும் வந்தது. திருத்தங்கல் பக்கம் ஒரு மண்டபத்தில் முதலாளி மகள் கல்யாணம். வேன் பெண்களுக்குக் கடைசிப் பந்தி, அதுவும் பின்கட்டில். வாணவேடிக்கையைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தோம். நான் அவர்கள் முகத்தில் கோபத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அத்தை அம்மாவின் தோளைத் தட்டினாள்.

"மதினி, அந்தப் பச்சை வாணம் என் கை வேலை. பாத்துக்கோங்க!"

"போடி, உன் கைன்னா பாதியிலயே அணைஞ்சிருக்கும்."

ஒரே சிரிப்பு. பொறுக்காமல் பாரீஸ் கதையை எடுத்துவிட்டேன்.

"ஏன் மருமகனே, ராசாவைத் தொரத்திட்டா மறுநா வேனை யாரு அனுப்புவா? நீரா ஓட்டுவீரு?" என்றாள் அத்தை.

மறுபடியும் சிரிப்பு.

கல்யாணம் முடிந்த கையோடு தீபாவளி ஆர்டர் குவிந்தது. கம்பெனியில் ஓர் அறைக்குள் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று சுவரிலேயே எழுதியிருக்கும். மீதிப் பேரை வெளியே வேப்பமரத்தடியில் உட்காரவைத்து வெடிமருந்து அடைக்கச் சொல்வார்கள். சோதனைக்கு வரும் ஆபீசர் ஜீப் தெரிந்தால் சோளக்காட்டுக்குள் ஓடி ஒளிய வேண்டும். முதலாளி காருக்கு மட்டும் தகரக் கொட்டகை உண்டு.

போன வாரம் மரத்தடியில் தீப்பொறி பறந்தது. அத்தையின் இரண்டு கைகளும் வெந்துபோயின. உள்ளே வேலை பார்த்த அம்மா ஓடிவந்து, அவளைத் தாங்கிக்கொண்டு காரிடம் போயிருக்கிறாள். முதலாளியைக் கேட்காமல் முடியாது என்று டிரைவர் கதவைத் திறக்கவில்லை. வேன் வெம்பக்கோட்டைக்குப் போயிருந்தது. அது திரும்பும்வரை அத்தை வெறும் மண்ணில் கிடந்தாள்.

அன்று அம்மா சோற்றைத் தொடவில்லை. கையில் அப்பியிருந்த அலுமினியப் பொடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று கேட்டாள்.

"ஏலே, அந்தப் பொம்பளைக மழையிலயா நடந்தாக?"

"ஆமாம்மா."

"எம்புட்டுப் பேரு?"

"மொதல்ல கொஞ்சப் பேருதான். போற வழியில சேந்துக்கிட்டாக."

அவள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். விருந்து செய்யாததை ஒரு கார்க் கதவு செய்துவிட்டது. ஆனால் எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

நாளையிலிருந்து அத்தையின் இடத்தில், அதே மரத்தடியில் அம்மா உட்கார வேண்டும் என்று போர்மேன் சொல்லிவிட்டார். மாட்டேன் என்றால் வேலை போய்விடும். எங்கள் வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை. அப்படியும் கலெக்டரிடம் போவோம் என்றாள் அம்மா.

இன்று, எங்களோடு வரச்சொல்லி வேன் பெண்களிடம் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். ஒருத்தி என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். இன்னொருத்தி, "உங்க அம்மாவை உசுரோட வச்சுக்கிடணும்னா வாயை மூடு தம்பி" என்று அழுதாள். வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை.

காலையில் வேன் வரும். அம்மா அதில் ஏறப்போவதில்லை. மரத்தடியில் இனி யாரையும் உட்காரவைக்கக் கூடாது என்று கலெக்டரிடம் கேட்க, அதே முக்கில், கலெக்டர் ஆபீஸ் இருக்கிற சூலக்கரைக்குப் போகிற பஸ்ஸில் ஏறுவோம். இப்போதைக்கு அவளும் நானும்தான்.