நீலப் பேசினில் ஒரு பெருக்கங்காய்

ஆசிரியர் அறை யன்னலோர மேசையில் அந்த நீலப் பேசின் இருக்கும். அதில் கடல் தண்ணீர். தண்ணீரில் பூனை முதுகுபோல் ரோமம் படர்ந்த ஒரு பெருக்கங்காய். தாவரவியல் டீச்சர் காலையில் வந்ததும் கைப்பையை வைக்குமுன் அதைத்தான் எட்டிப் பார்ப்பார். தேத்தண்ணீர்க் கோப்பை வைக்க இடமில்லையென்று நாங்கள் முணுமுணுப்போம். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதேயில்லை.

டீச்சர் மன்னாரைச் சேர்ந்தவர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்து, எங்கள் பாடசாலையிலேயே தலை நரைத்தவர். போர் முடிந்தபின் ஊர் பார்க்கப் போனபோது வீடு இருக்கவில்லை, வளவில் யானைபோல் பருத்த பெருக்க மரம், அந்த பாவோபாப், மட்டும் நின்றதாம். அதன் காய்கள் இரண்டோடு திரும்பி வந்தார். ஓய்வு பெறுமுன் அதன் கன்றொன்று பாடசாலை வளவில் நிற்க வேண்டுமென்பது அவருடைய ஆசை.

பேச்சு என்னால்தான் வளர்ந்தது. நான் வரலாறு படிப்பிப்பவன். பெருக்க மரத்தை இலங்கைக்கு அரபு வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்று எல்லோரையும்போலச் சொல்லிவைத்தேன். டீச்சர் பிடித்துக்கொண்டார். வெண்டி, பருத்தி, செவ்வரத்தை, பூவரசு, பெருக்கு எல்லாம் ஒரே குடும்பமாம். பூவரசங்காய் மிதந்து மிதந்தே கடல் கடந்து கரைகளில் கால் ஊன்றிவிட்டது. பெருக்கின் உறவுகள் ஆபிரிக்காவிலும் மடகஸ்காரிலும் இருக்கின்றன, ஒன்று அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறது. கண்டங்கள் பிரிந்து வெகுகாலத்துக்குப் பின் தோன்றிய மரம் அவ்வளவு தூரம் எப்படிப் போனது? “கடல் இருக்கு சேர்” என்றார். கடலில் மிதந்த காயின் விதை முளைக்குமா என்று பார்க்கத்தான் அந்தப் பேசின்.

அவருடைய கணவர் கல்பிட்டிக் கடலிலிருந்து கேன்களில் தண்ணீர் கொண்டுவருவார். வெயிலில் வற்ற வற்ற டீச்சர் அதையே ஊற்றி நிரப்பினார். மாதங்கள் போயும் காய் மூழ்கவில்லை. டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் பேசின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டி நாக்கில் வைத்தவர், முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தினமும் பாலாவி உப்பளத்தைத் தாண்டி பஸ்ஸில் வருகிறவர், மேசைமேல் ஓர் உப்புப் பாத்தியே கட்டியிருக்கிறார். அந்தத் தண்ணீரில் எதுதான் மிதக்காது? காயை உடைத்து விதைகளை ஊன்றினார். ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை.

மீதி ஒரே காய். ஓய்வும் நெருங்கிவிட்டது. இதையாவது நேரே விதையுங்கள், மரமாவது மிஞ்சும் என்று எல்லோரும் மன்றாடினோம். எனக்குக் கோபமே வந்தது. இந்தப் பிடிவாதம் எதற்கென்று கேட்டேன். அவர் பேசினைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“வந்த புதுசுல இங்க எல்லாரும் எங்களக் கொண்டு வந்து விட்ட ஆக்கள் எண்டுதான் கதைச்ச. ஆரும் கொண்டு வரல்ல சேர். இந்தக் கடலாலதான், வள்ளத்துல வந்த. வந்து முளைச்ச. மரத்தையும் ஆரோ கொண்டு வந்தெண்டு நீங்க பார்க்காமச் சொல்றீங்க. நான் பார்த்துட்டுச் சொல்றன்.”

மூலையில் இருந்த கடல் தண்ணீர்க் கேனை எடுத்துக் கொடுத்தேன்.

இம்முறை வற்றிய அளவுக்குக் குடிதண்ணீர் ஊற்றினார். வெயிலில் போவது தண்ணீர்தானே, உப்பு அங்கேயே கிடக்கிறது. காய் பாதி தாழ்ந்தது, ஆனால் மூழ்கவில்லை. பிறகு உடைத்து, விதைகளின் கெட்டித் தோலைத் தேய்த்து, சுடுதண்ணீரில் ஊறவைத்துச் சாடியில் ஊன்றினார். நாங்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகினோம். ஒரு காலை மண்ணைத் தள்ளிக்கொண்டு தடித்த இரண்டு இலைகள். டீச்சரின் கண் கலங்கியிருந்தது, பேச்சு மட்டும் பிசகவில்லை. “இப்படித்தான் நடந்தெண்டு சொல்லல்ல சேர். நடக்கேலும் எண்டு மட்டுந்தான்.”

இப்போது அந்த மரம் ஆய்வுகூடத்துக்குப் பின்னால் என்னைவிட உயரமாக நிற்கிறது. ஓய்வு பெற்றுவிட்ட டீச்சர் சில மாலைகளில் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போவார். போன கிழமை ஒரு மாணவி, இந்தச் சாதி மரத்தை இலங்கைக்கு யார் கொண்டுவந்தது என்று கேட்டாள். பழைய பதில் நுனி நாக்குவரை வந்தது. மரத்தடியில், காகங்களுக்குத் தண்ணீர் வைக்கும் அந்த நீலப் பேசின். விளிம்பின் வெள்ளைக் கோடு இன்னும் அழியவில்லை.

“ஆராவது கொண்டு வந்துதான் ஆகணுமா மகள்?” என்றேன். “தானாவும் வந்திருக்கேலும்.”