மாமாவின் சாம்பல் நிறக் கோட்டு

தொண்ணூறுகளில் நான் எடுத்த முதல் இரண்டு சிரிப்புப் படங்களையும் பார்த்து, கனடாவில் எங்கள் ஸ்காபரோவில் ஒரு சனமும் சிரிக்கவில்லை. ஒரு படத்தில் நான் றைஸ் குக்கருக்குக் கார் ஓட்டப் பழக்கினேன். முடிந்ததும் ஒரு அன்ரி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "பிள்ளைக்குக் காய்ச்சலோ?" என்று கேட்டார். மூன்றாவதும் சறுக்கினால் கமராவை விற்றுவிடுவதாகக் கணவருக்கு வாக்குக் கொடுத்தேன். என் வாய்க்கொழுப்பு.

அந்த மூன்றாவது படத்துக்கு என் மாமனாரின் சாம்பல் நிறக் கோட்டை இரவல் வாங்கினேன். மாமா ஊர்ச் சங்கத்தின் தலைவர். "மதிப்பிற்குரிய" என்று தொடங்கினாரென்றால் சபையில் உள்ளவர்களை விளித்து முடிக்கவே அரை மணி நேரம் பிடிக்கும். பேச்சு அதற்குப் பிறகுதான். நான் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு மில்லிக்கன் பகுதியில் ஒரு கடைத்தொகுதியின் பார்க்கிங் லொட்டில், கொட்டும் பனியில் மைக் பிடித்தேன். "மதிப்பிற்குரிய குப்பைத் தொட்டி அவர்களே! பேரன்புக்குரிய பனி அள்ளும் சவல் அவர்களே!" தெருவோரத் தீயணைப்புக் குழாய்க்குப் பொன்னாடையும் போர்த்தினேன். படத்தில் நான் விளித்து முடிவதற்குள் பனி கரைந்து புல் முளைத்துவிடும், பேச்சு தொடங்கவே தொடங்காது. படம் பிடித்த கணவருக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் பாதிக் காட்சிகள் நடுங்கின.

கசெற்றைப் போட்டுப் பார்க்காமலே மாமா அதைச் சங்கத்தின் ஆண்டுவிழாவில் சேர்த்துவிட்டார். "எங்கட மருமகள் சமூகப் படம் எடுத்திருக்கிறா" என்று கண்ட இடமெல்லாம் சொல்லியும் வைத்தார். உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. வோபர்ன் பகுதியில் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அந்த மனுசனைச் சபையில் அவமானப்படுத்தப் போகிறேன் என்று நினைத்து, அவர் கண்ணில் படாமல் சமையலறைக்குள்ளேயே ஒதுங்கித் திரிந்தேன்.

மண்டபத்தில் விளக்கை அணைத்தார்கள். முதல் "அவர்களே"க்கு யாரோ ஒருவர் சிரித்தார். கோட்டை அடையாளம் கண்டதும் மண்டபமே குலுங்கியது. பொன்னாடைக் காட்சியில், காய்ச்சலோ என்று கேட்ட அந்த அன்ரி கதிரையிலிருந்து வழுக்கியே போனார். இந்தச் சத்தத்துக்காகத்தான் நான் இத்தனை நாளும் பைத்தியம் பிடித்து அலைந்தேன். ஆனால் முன்வரிசையில் மாமா அசையவில்லை.

அடுத்தது தலைவர் உரை. மாமா அதே கோட்டுடன் மேடை ஏறினார். அவர் மைக்கை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார்.

"மதிப்பிற்குரிய மைக் அவர்களே," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அருகில் வீற்றிருக்கும் கதிரை அவர்களே!"

கைதட்டலில் மிச்சம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று அவர் உரையாற்றவே இல்லை, கதவு வரைக்கும் எல்லாவற்றையும் விளித்துவிட்டு இறங்கினார். நான் அழுதுவிட்டேன், அவ்வளவு சந்தோசம்.

வீடு திரும்பும்போது காரின் முன் சீற்றில் இருந்த மாமா என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"ஏன் பிள்ளை, கோட்டை மட்டும் கேட்டனீர்? என்னையும் கேட்டிருந்தா வந்திருப்பன்தானே?"

கமராவை விற்கவில்லை. அதற்குப் பிறகு நான் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் கதாநாயகன் அவர்தான்.