அக்கா தள்ளிப்போட்ட பேச்சு

கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஃபிரேமுக்கு ஏற்றபடி லென்ஸின் விளிம்பைத் தேய்க்கும் மெஷின் முன்னால்தான் அக்காவின் இளமை கழிந்தது. இளமை என்று சொன்னால் அவளே சிரிப்பாள். அது எப்போது வந்தது, எனக்குத் தெரியாமல் யார் கதவைத் திறந்துவிட்டது என்பாள். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பாவும் போனபின் வீட்டில் அவளும் தங்கையும்தான். தங்கை கெட்டிக்காரி, புத்தகத்தை எடுத்தால் உலகமே மறந்துவிடும். அதனால் அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தாள்: படிக்கிற பிள்ளையின் காதில் வீட்டுக் கவலை எதுவும் விழக்கூடாது.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததைக்கூட, செய்முறைத் தேர்வு முடித்து வந்தவளுக்குச் சாப்பாடு போட்டபிறகுதான் சொன்னாள். தங்கை தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். அப்போதாவது அக்காவுக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? மார்க் நன்றாக வந்ததும், தான் செய்ததுதான் சரி என்று முடிவு கட்டிவிட்டாள்.

அதே கடையில் ஃபிரேம் பொருத்துகிறவர் ஒருவர் இருந்தார். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி பேசாத மனிதர். மற்றவர்கள் தேய்த்த லென்ஸில் ஆயிரம் நொட்டை சொல்வார். அக்கா தேய்த்ததை மட்டும் வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் பொருத்திவிடுவார். அவருக்குத் தெரிந்த காதல் அவ்வளவுதான். தங்கை காலேஜில் கடைசி வருடம் இருந்தபோது அவர் வாய்விட்டே கேட்டார். அவள் படிப்பு முடியட்டும் என்றாள் அக்கா. படிப்பு முடிந்தது, தங்கை எம்.எஸ்ஸி. சேர்ந்தாள். மறுபடி கேட்டார். இன்னும் கொஞ்ச நாள்தான் என்றாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. அவர் வீட்டில் வேறு பெண் பார்த்துவிட்டார்கள்.

அந்தக் கல்யாணத்துக்குக் கடையே திரண்டு போனது. அக்காவும் நல்ல துணியாக எடுத்து உடுத்திக்கொண்டு போனாள். சிரித்தாள், சாப்பிட்டாள், வீட்டுக்கு வந்து பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அடுத்த அறையில் தங்கை கடைசித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

ரிசல்ட் வந்தது. முதல் வகுப்பு. வேறு ஊரில் ஆராய்ச்சிக்கு இடமும் கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலம் துவைத்த துணியை மடித்துக்கொண்டே, என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று அக்கா பேச்செடுத்தாள். தங்கை அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். தான் எல்லாம் யோசித்து வைத்திருப்பதாகவும், ஆராய்ச்சி எங்கேயும் ஓடிப்போகாது, முதலில் அக்காவின் கல்யாணம் என்றும் சொன்னாள். இந்தக் கிழவியை யார் கட்டுவார்கள் என்று அக்கா சிரித்தாள்.

"உங்க கடையில ஃபிரேம் போடறவர் இருக்காரே, அவர்தான். நான் கண்ணாடி மாத்த வந்தப்பவே எனக்குத் தெரியும்க்கா. நீயா சொல்லுவேன்னு இத்தனை நாள் காத்துக்கிட்டிருந்தேன். நாளைக்கு நானே வந்து பேசட்டுமா?"

அக்கா மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"அவருக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு மாசமாச்சு."

அப்போதுதான் தங்கைக்கு, ஒருநாள் அக்காவின் கண் வீங்கியிருந்தது ஞாபகம் வந்தது. லென்ஸ் தூள் விழுந்துவிட்டது என்றாள் அன்றைக்கு. இவளும் நம்பிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"உனக்குப் பரீட்சை இருந்துச்சு."

தங்கை அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். என் படிப்புக்காகத்தான் தள்ளிப்போட்டாய் என்று தெரிந்திருந்தால் எம்.எஸ்ஸி.யே சேர்ந்திருக்கமாட்டேனே என்றாள். அதற்குப் பயந்துதான் வாயைத் திறக்கவில்லை என்று அக்கா சொல்லவில்லை. தங்கையின் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். பிறகு குரல் உடையாமல் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"சரி, நீ என்னைக்குக் கிளம்பணும்?"