ஒன்பது நாள் நான் விழுங்காத மாத்திரை

கடந்த வருடம் ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு இருபதுக்குக் கொட்டகலை பஸ் தரிப்பிடத்தில் நடந்த சம்பவம் இது. நேரம் சரியாகத் தெரியும். அன்றாடம் நடப்பதைச் சிறிய நாட்குறிப்பில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

நான் ஒரு தேயிலைத் தோட்ட ஆபிசில் கிளார்க். ஆறு வருடங்களுக்கு முன் என் இதயத்தில் ஒரு வால்வை மாற்றி உலோக வால்வு பொருத்தினார்கள். அதில் இரத்தம் கட்டிவிடாமல் இருக்க, அன்றிலிருந்து தினமும் இரவு எட்டு மணிக்கு வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறேன். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கிளினிக்கில் இரத்தம் பார்த்து அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார்கள்.

அந்த ஆனியில் எனக்குக் குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் செய்யத் திங்கட்கிழமை ஒன்றைக் குறித்திருந்தார்கள். அதற்கு ஐந்து நாள் முன்பே மாத்திரையை நிறுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாட்டில் சேர்ந்தால் அதற்குப் பதிலாக ஊசி போடுவார்கள். புதன்கிழமை நிறுத்தினேன். வியாழக்கிழமை வாட்டிலிருந்து தொலைபேசி வந்தது. ஒப்பரேஷன் தியேட்டரில் திருத்த வேலை நடப்பதால் என் முறை இரண்டு வாரம் தள்ளிப்போகிறது என்றார்கள். நாட்குறிப்பில் பழைய திகதிகளை வெட்டிப் புதியவற்றை எழுதினேன். ஆனால் மாத்திரையைத் திரும்பத் தொடங்கவில்லை. ஒப்பரேஷன் முடியும்வரை எடுக்கக் கூடாது என்றுதான் என் குறிப்பில் இருந்தது. ஒவ்வொரு இரவும் எட்டு மணிக்கு 'மாத்திரை இல்லை' என்று எழுதிக் கோடு போட்டேன். உத்தரவைச் சரியாகப் பின்பற்றுகிறேன் என்ற திருப்திகூட இருந்தது.

ஒன்பது இரவுகள் போயின. அடுத்த வெள்ளி என் வழக்கமான கிளினிக் நாள். மாத்திரையே எடுக்காதவனுக்கு இரத்தம் எதற்குப் பார்க்க வேண்டும் என்று நினைத்து, மரக்கறி வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்தேன். கிளினிக் பஸ் வந்து நின்றது. அதன் மிதிபலகையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார்.

“கிளாக்கரையா! பஸ்ஸு இங்க நிக்குது, நீங்க பாட்டுக்கு எங்கிட்டு போறீங்க?”

பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நாற்பது வயதிருக்கும். அவருக்கும் என்னுடையதைப் போலவே உலோக வால்வு. ஆறு வருடமாக ஒரே கிளினிக்கில் பார்த்திருக்கிறோம், பேசியதில்லை. ஆபிஸ்காரர்கள் பறிப்புக்குப் போகிறவர்களோடு உட்கார்ந்து கதைப்பது எங்கள் தோட்டங்களில் இன்றும் குறைவு.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி எதிரே வந்து நின்றார்.

“எத்தன நாளா இல்ல?”

“ஒன்பது.”

“வயித்துல ஊசி போடுறாங்களா?”

“அது வாட்டுக்குப் போன பெறகுதான்ம்மா.”

“அப்ப மாத்திரையும் இல்ல, ஊசியும் இல்ல! ஐயா, ஒங்களுக்கும் எனக்கும் நெஞ்சுக்குள்ள இருக்கது இரும்புக் கதவு. ரத்தம் கட்டி அது இறுகிப் போனா என்னா செய்வீங்க? ஏறுங்க மொதல்ல.”

கண்டக்டர் பொறுமை இழந்தார். “அக்கா, வீட்டுக் கதைய பஸ்ஸுல பேசலாம், ஏறுங்க!”

“இருப்பா, ஒனக்கு டிக்கட்டு ரெண்டா கெடைக்குதுல்ல” என்றார் அவர்.

மருந்தளவு எழுதும் கிளினிக் கொப்பி வீட்டில் இருக்கிறதே என்றேன். “கொப்பி பொறவு வரும், ஆளு வாங்க” என்று என் கைப்பையைப் பிடித்து இழுக்காத குறையாக ஏற்றிவிட்டார்.

வழியில்தான் சொன்னார். முந்தின வருடம் அவருக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்களாம். எந்த நாள் எந்த மாத்திரை நின்றது, எந்த நாள் ஊசி தொடங்கியது, ஒப்பரேஷனுக்குப் பின் மாத்திரை தொடங்கியும் இரத்தம் சரியான அளவுக்கு வரும்வரை ஊசியை ஏன் நிறுத்தவில்லை என்பதெல்லாம் ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. மாத்திரைகளை நிறத்தை வைத்து அறிவார். விளங்காததை எல்லாம், திட்டினாலும் பரவாயில்லை என்று, தாதியிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்.

தூரத்துத் தோட்டத்து நோயாளிகள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஒருவர் முதல் பஸ்ஸில் போய் எல்லாருடைய கொப்பிகளையும் வரிசையில் வைத்துவிடுவார். அன்று இவருடைய கொப்பி மூன்றாவதாக இருந்தது. அதை எடுத்துக் கடைசியில் வைத்துவிட்டு, தாதியிடம் சிங்களத்தில் என் நிலையை விளக்கி, அந்த இடத்தில் என்னை அனுப்பினார்.

யாழ்ப்பாணத்து இளம் டாக்டர் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் இருக்க வேண்டிய இரத்த உறைவு எண், ஒன்று புள்ளி ஒன்றில் நின்றது. நான் ஒழுங்கானவன் என்று காட்ட நாட்குறிப்பை நீட்டினேன். பக்கங்களைப் புரட்டினார்.

“எல்லாம் வடிவா எழுதியிருக்கிறியள் ஐயா. ஒப்பரேஷன் தள்ளிப்போச்சு, இனி மாத்திரைக்கு என்ன செய்யிறதெண்டு எங்களிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

நாட்குறிப்பை வாங்கி மூடிச் சட்டைப் பையில் வைத்தேன். வால்வில் இரத்தக் கட்டி ஏதும் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்தார்கள். அந்த இருபது நிமிடமும் வலது கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். கட்டி மூளைக்குப் போனால் கைகால் விழுந்துவிடும் என்று அப்போதுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நல்ல வேளையாக வால்வு சுத்தமாக இருந்தது. உடனே வாட்டில் சேர்த்து ஊசி தொடங்கினார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்கு என் மனைவி துணிகளோடு வந்து சேரும்வரை அந்தப் பெண் போகவில்லை. தன் முறை முடிந்து, பஸ்ஸையும் விட்டுவிட்டு, வாட்டு வாசலில் இருந்தார். “ஊசி போட்ட எடத்த தேய்க்க விடாதீங்கம்மா, நீலம் பாரிக்கும்” என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். நன்றி சொன்னதற்கு, “ஒங்க ஆபிஸுல ஒரு தடவ கையெழுத்து வாங்க வந்தப்ப ரெண்டு மணி நேரம் நிக்க வச்சீங்க. அதுக்கு இது சரியாப் போச்சு” என்று சிரித்தார். எனக்கு அது நினைவில்லை. நாட்குறிப்பிலும் இல்லை.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஊசியும் மாத்திரையும் சேர்ந்து போய், எண் சரியான இடத்துக்கு வந்த பிறகே ஊசி நின்றது. அவர் பஸ்ஸில் சொன்ன அதே வரிசையில்.

கேட்காமல் கடந்து போவதுதான் மரியாதை என்று ஐம்பது வயதுவரை எண்ணியிருந்தேன். இப்போதோ கிளினிக் வெள்ளிக்கிழமையில் தெரிந்த முகம் ஒன்று பஸ்ஸில் ஏறாமல் நின்றால், இறங்கிப் போய் ஏன் என்று கேட்காமல் என்னால் உட்கார்ந்திருக்க முடிவதில்லை.