பழைய பாயில் ஒரு வலை முடிச்சு

கல்யாணமான வருஷம், காற்றுப் பாய் பிடித்துக் கடலில் சறுக்கும் விண்ட்சர்ஃபிங் பலகையையும் அதன் பாயையும் விற்றவன் நான். இன்று முத்துநகர் கடற்கரைப் பக்கம் ஒருவர் பழைய செட் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

அவர் பாயை விரித்தார். நடுவில் நீளமாக ஒரு தையல்.

“எவனோ ஒரு கூறுகெட்ட பய வலை நூலுல தச்சு, வலை முடிச்சு போட்டு வச்சிருக்கான், அண்ணாச்சி. பிரிச்சிட்டு ஒழுங்கா ஒட்டித் தாரேன்” என்றார்.

தடவிப் பார்த்தேன். கச்சான் காற்று ஓயும் முன் கடலில் இறங்கிவிட வேண்டும் என்று, இருபது வயதில் நான் அவசரமாகத் தைத்தது. வலைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வேறென்ன முடிச்சு தெரியும்?

“பிரிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்” என்றேன்.

தையல் மட்டம் என்று சொல்லி விலையைக் குறைத்துத்தான் வாங்கி வந்தேன். தைத்தவன் யாரென்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ? நீங்களே சொல்லுங்கள்.