அத்தை சிரிக்காத இடங்கள்

பிள்ளைக்காம்பராவின் சுவரில், தொட்டில்களுக்கு மேலே, இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகத் திரைப்பட விளம்பரத் துண்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. பலாங்கொடைத் திரையரங்குக்குப் புதுப்படம் வரும்போதெல்லாம் ஒலிபெருக்கி கட்டிய வண்டியொன்று எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஏறிவந்து அவற்றை இறைத்துவிட்டுப் போகும். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் அந்த ஒற்றை அறைக் கட்டடத்துக்குப் பொறுப்பாயிருந்த ஆயம்மா, சிரிப்புப் படங்களுக்குரிய துண்டுகளை மட்டும் தேர்ந்து பொறுக்கி, மாப்பசை தடவிச் சுவரில் ஒட்டுவார். படத்தைப் பார்த்து வந்தபின் சில துண்டுகளின் மூலையில் அடுப்புக்கரியால் ஒரு கோடு விழும். கோடு விழுந்த படம் ஆயம்மாவுக்கு ஒவ்வாத படம். ஊரே வயிறு குலுங்கச் சிரித்த படங்களின் மேல்தான் அக்கோடுகள் மிகுதியாய் இருந்தன. காரணத்தை அறிந்துகொள்ள எனக்குச் சில காலம் ஆயிற்று. அந்த ஆயம்மா பின்னாளில் என் மாமியாரானார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அத்தோட்டத்துப் பாடசாலைக்கு ஆசிரியனாக வந்தேன். கரவனெல்லைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, பண்டிதர் ஒருவரிடம் இலக்கணமும் இலக்கியமும் முறையாகப் பயின்றவன். திரைப்படத்தைப் பற்றி, அதிலும் அதன் நகைச்சுவையைப் பற்றி, எனக்கு உயர்ந்த எண்ணம் இருந்ததில்லை. கதையை நடுவே நிறுத்திவிட்டு இருவர் வந்து ஒருவரையொருவர் உதைத்துக்கொள்வதற்கு மக்கள் ஏன் இவ்வளவு தூரம் நடந்து போகிறார்கள் என்று வியந்திருக்கிறேன். பாடசாலைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் இடையில் ஒரு சிறு முற்றந்தான் இருந்தது. நண்பகலில் தாய்மார் பாலூட்ட வரும்போது ஆயம்மா தாம் பார்த்த படத்தின் சிரிப்புக் காட்சிகளை நடித்துக் காட்டுவார். ஞாயிறுதோறும் படம் பார்க்க எல்லாருக்கும் வாய்க்காது. ஆகையால் ஆயம்மா பார்த்துவந்தால் அறுபது பேர் பார்த்ததற்குச் சமம். மனைவியோடு கோபித்துக்கொண்டு உணவை மறுத்த கணவன் ஒருவன், பசி பொறுக்காமல் அடுக்களையைச் சுற்றிச் சுற்றி வந்து, "பூனைக்குச் சோறு வச்சாச்சா? பூனைக்குக் கொழம்பு ஊத்துனாங்களா?" என்று கேட்கும் பழைய படக் காட்சியை, இடுப்பில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டே அவர் நடித்ததை முற்றத்தின் இப்பாலிருந்து பார்த்த நான், கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று சிரித்ததை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆயம்மாவிடம் திட்டவட்டமான கருத்துகள் இருந்தன. பழைய படங்களில் சிரிப்பு வந்தால் கதை நின்றுபோகும், ஆனால் சிரிக்கவைப்பவனுக்கென்று ஒரு வீடு, ஒரு மனைவி, ஒரு கடன்காரன் இருப்பான். புதிய படங்களில் கதாநாயகனே சிரிக்கவைக்கிறான், ஆனால் யாரையாவது மட்டந்தட்டாமல் அவனால் அதைச் செய்ய முடிவதில்லை என்பார். ஒருநாள் நான் என் புலமையைக் காட்ட எண்ணி, நகை பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்கள் உண்டென்று நம் முன்னோர் வகுத்திருக்கிறார்கள் என்று கூறி, நான்கையும் விளக்கினேன். அவர் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"அந்த நாலுல ஆளை அடிக்கிறது இருக்குங்களா மாஸ்டர்?"

"இல்லை."

"அப்ப சரியாத்தான் எழுதியிருக்காங்க," என்றார். இலக்கணம் அன்று ஆயம்மாவிடம் தேறியது. பிறகு தொட்டில்களைக் காட்டிச் சொன்னார்: "இதுங்கள்ல ஒண்ணு விழுந்து அழுதா, பத்தும் சேந்து அழும். ஒருத்தன் விழுந்தா சிரிக்கணும்னு பெரியவங்க ஆனபொறகுதான் படிச்சுக்கிறோம்."

ஆயம்மாவின் ஒரே மகள் தொழிற்சாலையில் தேயிலை அரிக்கும் பகுதியில் வேலை செய்தாள். மாலையில் என்னிடம் நூல்களை இரவல் வாங்கவும், திருப்பித் தரும்போது அவற்றில் எனக்குப் பிடித்த பகுதிகளைத் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லவும் அவளுக்குத் துணிவிருந்தது. தோட்டத் தலைவர் வழியாக நான் பெண் கேட்டனுப்பினேன். மறுமொழியாக ஆயம்மா சாதகம் கேட்கவில்லை. சம்பளத்தைப் பற்றியும் கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை பகல் ஆட்டத்துக்கு வாங்க மாஸ்டர். பலாங்கொடையில சிரிப்புப் படம் போடுறான்," என்று சொல்லியனுப்பினார்.

எனக்கு முன்னர் கேட்டு வந்த ஒருவனையும் அவர் அவ்வாறே அழைத்துச் சென்றார் என்றும், இடைவேளையிலேயே அவனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து வழியனுப்பிவிட்டார் என்றும் தலைவர் எச்சரித்தார். ஏன் என்பது அவருக்கும் தெரியவில்லை. எதில் தேறவேண்டும் என்று அறியாமலே ஒரு பரீட்சைக்குப் போகும் நிலை எனக்கு. நான் இரவல் காலுறையும் இறுக்கமான சப்பாத்தும் அணிந்து, விடியலில் மழை பெய்து ஓய்ந்திருந்த தேயிலைச் சரிவினூடே குறுக்குவழியாக இறங்கிப் பேருந்தைப் பிடித்தேன்.

நுழைவுச்சீட்டுக் கொடுப்பவர் ஆயம்மாவுக்குப் பழக்கமானவர். என்னை மேலுங்கீழும் பார்த்துவிட்டு, புது மருமகனா என்று சிங்களத்தில் கேட்டார். "தாம நே, பலமு," என்றார் ஆயம்மா. இன்னும் இல்லை, பார்ப்போம் என்பது பொருள். எனக்குச் சிங்களம் தெரியாது என்று அவர் நினைத்திருக்கலாம். உள்ளே மகளை ஓரத்தில் இருத்தி, என்னை அடுத்த வரிசையின் முனையில் இருத்தி, என் முகம் தெரியும்படி தாம் சாய்வாக அமர்ந்துகொண்டார். அன்று படம் முழுவதிலும் அவர் திரையைப் பார்த்தது பாதிதான்.

அரைமணி நேரம் கடந்திருக்கும். கணுக்காலில் ஏதோ ஈரமாய் ஊர்வதை உணர்ந்தேன். தேயிலைக்குள் இறங்கும் எவனும் வெறுங்காலோடு இறங்கி, வழியில் இரண்டுமுறை நின்று பார்ப்பான். கண்ணியத்தை முன்னிட்டுக் காலுறை போட்ட எனக்கு அது தோன்றவில்லை. அட்டை உள்ளே புகுந்து, வயிறுமுட்டக் குடித்துவிட்டிருந்தது. எழுந்து போனால் சிரிப்புப் படத்தைப் பொறுக்காத புலவன் என்ற பெயர் வரும். ஆகவே குனிந்து, இருட்டில் காலுறைக்குள் இரு விரல்களை நுழைத்து, வழுக்கி வழுக்கி நழுவும் அதனைப் பிடுங்கப் போராடிக்கொண்டிருந்தேன். அப்போது அரங்கமே இடிந்து விழுவதுபோல் ஒரு சிரிப்பு எழுந்தது. நிமிர்ந்தேன். தட்டைத் தவறவிட்ட வேலைக்காரன் ஒருவனை முதலாளி மாறி மாறி அறைந்துகொண்டிருந்தார். அதே கணத்தில் அட்டை கையோடு வந்தது. அருவருப்பில் என் முகம் எப்படிக் கோணியதோ, அறியேன், ஆயம்மா பார்த்துவிட்டார்.

படம் முடிந்து தேநீர்க் கடையில் அமர்ந்தோம். வடையைப் பிட்டு வைத்துவிட்டு அவர் கேட்டார்: "அந்த வேலைக்காரனை அடிக்கையில தேட்டரே சிரிச்சிச்சு. நீங்க மட்டும் மொகத்தச் சுளிச்சீங்க. ஏன் மாஸ்டர்?"

நான் விடைதேடித் தயங்குவதற்குள் அவரே தொடர்ந்தார். மகளின் தந்தை, திருமணத்துக்கு முன்னர் ஒருநாள், சேற்றில் வழுக்கி விழுந்த ஆயம்மாவின் தகப்பனாரைப் பார்த்துச் சிரித்தாராம். "நானும் சேந்து சிரிச்சேன். அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். பன்னெண்டு வருசம் அடி வாங்குனேன், மரம் விழுந்து அவரு போற வரைக்கும். ஒருத்தன் எதுக்குச் சிரிக்கிறான்னு பாத்தா, எதுக்குக் கை ஓங்குவான்னு தெரிஞ்சிடுங்க. இவளை அப்படி ஒருத்தன் கையில குடுக்க மாட்டேன்."

உண்மையைச் சொல்வதற்கு உரிய இடம் அதுவே. மேசைக்குக் கீழே என் காலுறை குருதியில் நனைந்திருந்தது. நான் நிமிர்ந்து அமர்ந்து, "அடிப்பதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?" என்றேன்.

"பொஸ்தகம் பேசுற மாதிரியே பேசுறாரு," என்று மகளைப் பார்த்து மகிழ்ந்தார் ஆயம்மா. அடுத்த தையில் திருமணம் நடந்தது.

அதன்பின் பிள்ளைக்காம்பராவில் என் புகழ் பரவியது. பாலூட்ட வந்த தாய்மாரிடமெல்லாம் அத்தை, "தேட்டரே சிரிச்சாலும் எங்க மாஸ்டர் சிரிக்கலையே!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திருமணத்துக்குப் பிறகும் நான் அவருக்கு மாஸ்டர்தான். வீட்டில் நான் அந்தப் புகழுக்கு ஏற்பவே நடந்தேன். குரல் உயர்த்தத் தோன்றும்போதும் அடங்கினேன். நல்லியல்பு பாதி, அச்சம் பாதி. ஆனால் பாடசாலை வேறு உலகம் என்று எண்ணியிருந்தேன்.

திருமணமாகி இரண்டாம் ஆண்டு. செய்யுளை மறந்துவிட்டு வந்த மாணவன் ஒருவனை நிறுத்தி, சீருக்கு ஓர் அடியாகப் பிரம்பால் தட்டி ஒப்பிக்கவைத்தேன். தாளம் தவறக்கூடாது என்று வேடிக்கையாகச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, நானும் சிரித்தேன். அடி வாங்கியவனும் கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே சிரித்தான். வாசலில் நிழல் விழவே திரும்பினேன். இடுப்பில் ஒரு குழந்தையோடு அத்தை நின்றிருந்தார்.

"சிரிப்புச் சத்தம் அங்கிட்டு வரைக்கும் கேட்டுச்சு. என்ன படம் ஓடுதுங்க மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் முற்றத்தைக் கடந்து போய்விட்டார்.

மாலையில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் இருந்த அவருடைய வீட்டுக்குச் சென்றேன். எட்டு மாதக் குழந்தையோடு என் மனைவியும் அங்கிருந்தாள். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்; தலையை நிமிர்த்தவில்லை.

"பள்ளிக்கூடம்னா பெரம்பு இருக்கும், அது எனக்குத் தெரியும். அடி வாங்குன பயலும் சிரிச்சானே, அதுதாங்க என்னால பொறுக்க முடியல. நானும் அப்படிச் சிரிச்சிருக்கேன். லயமே வேடிக்க பாக்கும்போது அழுதா இன்னும் கேவலம்னு சிரிச்சிருக்கேன்." ஒரு தண்டைக் கிள்ளி எறிந்துவிட்டு, "அன்னைக்கு மொகஞ்சுளிச்ச மனுசனா இதுன்னு இருந்துச்சு," என்றார்.

"அன்று நான் படத்தையே பார்க்கவில்லை, அத்தை," என்றேன். "காலில் அட்டை."

"என்னது?"

"காலுறைக்குள் அட்டை புகுந்துவிட்டது. அதைப் பிடுங்கும்போதுதான் முகத்தைச் சுளித்தேன். நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன்."

அத்தையின் கை கீரையில் அப்படியே நின்றது. கதவோரத்திலிருந்து என் மனைவி சொன்னாள்: "எனக்கு அன்னைக்கே தெரியும்மா. பஸ்ஸுல திரும்பி வரும்போது சொக்ஸுல ரத்தத்தப் பாத்தேன்."

"அடிப்பாவி! பாத்துக்கிட்டா வாயப் பொத்திக்கிட்டு இருந்த?"

"சொல்லியிருந்தா இவருக்குக் குடுத்திருப்பியா?"

அத்தை எங்களை மாறி மாறிப் பார்த்தார். உதடுகள் இறுகின, பின்னர் நெகிழ்ந்தன. "அட்டைக்குப் பொண்ணக் குடுத்திருக்கேனே!" என்று சொல்லி, கீரைத் தட்டு கவிழ, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மகளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைக் கண்டு அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நீங்க பரீட்சை எழுதவே இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமை வாங்க. செருப்புப் போட்டுக்கிட்டு வாங்க."

மறுநாள் காலை அந்த மாணவனை அழைத்து, வகுப்பின் முன்னிலையில், நான் செய்தது தவறு என்றேன். அவன் என்ன செய்வதென்றறியாமல் மீண்டும் சிரித்தான். அதைப் பார்ப்பது முந்தைய நாளைவிடக் கடினமாயிருந்தது.

ஞாயிறன்று மீண்டும் பலாங்கொடைக்குப் போனோம். பழையபடியே அமர்ந்தோம், அத்தையின் மடியில் எங்கள் குழந்தை. சொல்லிவைத்தாற்போல் அந்தப் படத்திலும் ஒரு காட்சி: குடித்துவிட்டு வந்த கணவன் மனைவியைத் துரத்தித் துரத்தி அடிக்கிறான், அவள் பாத்திரங்களுக்கிடையே விழுந்து எழுகிறாள், பின்னணியில் துள்ளலான இசை. அரங்கம் அதிர்ந்தது. நான் முதன்முறையாக அடிப்பவனை விட்டுவிட்டு அடிபடுகிறவளைப் பார்த்தேன். எழுந்த ஒவ்வொரு முறையும் அந்த நடிகை கூந்தலைச் சரிசெய்துகொண்டு, யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்பதுபோல் இலேசாகப் புன்னகைத்தாள். அதற்குப் பெயர் நகை என்று சொல்ல, நான் கற்ற எதிலும் எனக்கு இடம் கிடைக்கவில்லை. அரங்கத்தின் பேரொலிக்கு அஞ்சிக் குழந்தை வீறிட்டது. அத்தை என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எட்டி, "பிள்ளையப் புடிங்க மாஸ்டர்," என்று என் கைகளில் கொடுத்துவிட்டு, நேரே திரும்பி அமர்ந்து, எஞ்சிய படம் முழுவதையும் பார்த்தார்.

அத்தை மறைந்து இப்போது நெடுங்காலமாகிறது. இன்று நகைச்சுவை பார்க்க ஞாயிறுவரை காத்திருக்கவோ பேருந்தில் போகவோ வேண்டியதில்லை; தொலைக்காட்சியில் அதற்கென்றே அலைவரிசைகள் இருக்கின்றன. பழைய படத் துண்டுகளையும் நேற்று வந்த படத் துண்டுகளையும் கலந்து ஓயாமல் ஒளிபரப்புகிறார்கள். இவற்றுள் சில, மெய்யாகவே சிரிக்கத்தக்கவை. அசட்டுப் பெருமை பேசுகிறவன் அகப்பட்டுக்கொள்ளும் காட்சிகளுக்கு நான் வாய்விட்டே சிரிக்கிறேன், பண்டிதர் மன்னிப்பாராக. ஆனால் கறுத்தவனையும் பருத்தவளையும் எளியவனையும் அறைந்து சிரிக்கவைக்கும் வழக்கம் போகவில்லை, ஒலிதான் கூடியிருக்கிறது. சென்ற கிழமையும் அப்படியொரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பேரப்பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். பக்கத்து நாற்காலியில் என் மனைவி ஏனோ அசைவின்றி இருப்பதை உணர்ந்து திரும்பினேன். அவள் கண்கள் என் முகத்தின் மேல் இருந்தன.

"என்ன பார்க்கிறாய்?" என்றேன்.

"படந்தான் பாக்குறேன்," என்றாள், பார்வையை எடுக்கவில்லை.