நத்தை அட்டை

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய வாசிப்பு அட்டை இருக்கிறது. மேலே நத்தைப் படம், கீழே ஆறு வரி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதைத் தடங்கலில்லாமல் வாசித்துவிட்டால் வாசிப்பில் அந்தப் பள்ளிக்கு முழு மதிப்பெண். பள்ளி பள்ளியாகப் போய்க் கற்றலின் தரத்தைப் பார்த்து எழுதுவதுதான் என் வேலை. "அந்த மேடம் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுத்தான் பார்ப்பாங்க" என்று ஆசிரியர்கள் பேசிக்கொள்வதாகக் கேள்வி. அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை வேறு. அது எவ்வளவு வெத்துப் பெருமை என்பதை, கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில்தான் தெரிந்துகொண்டேன்.

பௌர்ணமி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வகுப்பில் ஒரு சிறுமியைக் கூப்பிட்டேன். இரட்டைப் பின்னல், ஒன்றில் மட்டும் ரிப்பன். அட்டையை வாங்கியவள், "மழை பெய்தது. நத்தை வெளியே வந்தது" என்று கணீரென ஆரம்பித்து ஆறு வரியையும் ஒரே மூச்சில் முடித்தாள். முழு மதிப்பெண் போடப் பேனாவைத் திறந்தபோதுதான் கவனித்தேன், அவள் கையில் நத்தை மல்லாக்கக் கிடந்தது. அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். கண் ஜன்னலில் இருந்தது. சந்தேகம் வந்து, அடுத்த பிள்ளையிடம் ஒன்றும் எழுதாத வெள்ளைத் தாளை நீட்டினேன். அதுவும் நத்தையைத்தான் வாசித்தது. எனக்கு வந்ததே கோபம்!

தலைமையாசிரியை மறுக்கவே இல்லை. ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவர்தான். இன்னொரு ஆசிரியர் பணியிடம் மூன்று ஆண்டுகளாகக் காலி. என்னை வராந்தாவுக்கு அழைத்து வந்து, "நான்தான் மேடம் மனப்பாடம் பண்ண வெச்சேன்" என்றார். "மார்க் கம்மியாச்சுன்னா ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஸ்கூலோட சேர்த்துடுவாங்கன்னு பயம். பஸ்ஸும் வேனும் போற ரோட்டை ஒண்ணாங் கிளாஸ் புள்ளைங்க எப்படித் தாண்டும்? பாதிப் பேரை வீட்டோட நிறுத்திடுவாங்க." அதற்காகப் பிள்ளைகளை ஏமாற்றுவீர்களா என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தாமல் கேட்டார்: "மூணு வருஷமா அதே அட்டையைத்தானே மேடம் எடுத்துட்டு வர்றீங்க?" சுருக்கென்று தைத்தது. ஆமாம், அதே நத்தைதான். புதிதாக ஒன்று எழுதச் சோம்பல்பட்டவளும் நான்தான், முந்தைய இரண்டு ஆண்டும் முழு மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்தவளும் நான்தான். உடன் ஒரு ஆசிரியர் வேண்டும் என்று அவர் எழுதிய கடிதங்களுக்கெல்லாம், பள்ளி நன்றாகத்தானே நடக்கிறது என்றே பதில் வந்திருந்தது. என் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் அப்படிப் பதில் எழுதியிருக்கிறார்கள்.

"அட்டையை உள்ளே வைங்க மேடம். ரோட்டுக்கு வாங்க" என்று அந்தச் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கிரிவலம் வருகிறவர்களுக்காக வைத்திருந்த ஒரு போர்டின் முன் நின்றோம். சிறுமி உதட்டைக் கடித்தாள். விரலை நீட்டி, "கா... ல... ணி..." என்று எழுத்து எழுத்தாகக் கூட்ட ஆரம்பித்தாள். 'காலணிகளை இங்கே விடவும்' என்ற மூன்று சொல்லுக்குள் ஒரு டீ குடித்து முடித்திருக்கலாம். ஆனால் முடித்த நொடியில், "செருப்பை இங்க வுடணுமாம் டீச்சர்!" என்று அவருடைய புடவையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். யாரும் சொல்லாமல் அடுத்த போர்டுக்கு ஓடினாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நத்தையை ஒப்பித்தபோது அந்தச் சந்தோஷம் அவள் முகத்தில் இல்லை.

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். பிள்ளைகள் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். ஐந்து வகுப்புக்கு ஒரே ஆசிரியை. முந்தைய மதிப்பெண்களை நம்ப வேண்டாம், அந்தத் தவறு என்னுடையது. அதைப் படித்துவிட்டு, "எங்க ஸ்கூல் கதையை முடிச்சிட்டீங்களே மேடம்" என்றார் தலைமையாசிரியை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அலுவலகத்தில் மேலதிகாரி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். "இத்தனை வருஷமா அங்க போயி என்னத்தப் பார்த்தீங்க?" நத்தையைப் பார்த்தேன் சார் என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். முதலில் ஓர் ஆசிரியரை அனுப்புங்கள், இணைப்பதைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று மட்டும் விடாமல் நச்சரித்தேன். ஜூனில் பள்ளி திறந்தபோது இரண்டாவது ஆசிரியர் வந்து சேர்ந்தார். இணைப்புப் பேச்சு இப்போதைக்கு ஓய்ந்திருக்கிறது.

போன வாரம் அங்கே போயிருந்தேன். இப்போதெல்லாம் ஒவ்வொரு முறையும் புது அட்டை எழுதிக்கொண்டுதான் கிளம்புகிறேன். ஆனால் அன்று பழையதையும் பையில் போட்டுக்கொண்டேன். அந்தச் சிறுமி ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ரிப்பன் இப்போதும் ஒன்றுதான். நத்தை அட்டையை வேண்டுமென்றே தலைகீழாக அவளிடம் நீட்டினேன். தலைமையாசிரியை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிறுமி அட்டையைத் திருப்பி நேராக்கினாள். ஒரு நொடி பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள்.

"இது எனக்குப் பார்க்காமலே வரும் மேடம். படிக்கிறதுக்கு வேற ஏதாச்சும் குடுங்க."